பத்து மெகாஹெர்ட்ஸும் பதிமூணு மைக்ரோ செகண்டும்

ஜி.பி.எஸ் என்றால் காருக்குள்ள உட்கார்ந்துகிட்டு "அடுத்த திருப்பத்தில் இடது பக்கம்" என்று சொல்ற சமாச்சாரம்னுதான் நம்மில் பலருக்கும் தெரியும். உள்ளே பிரிச்சுப் பார்த்தா அது வழிகாட்டியே இல்லைங்க, வெறும் கடிகாரம். 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுத்துற ஒவ்வொரு சாட்டிலைட்டுக்குள்ளும் அணுக்கடிகாரங்கள் இருக்கு. "இப்ப மணி என்ன, நான் எங்கே இருக்கேன்" என்று அது கத்திக்கொண்டே போகிறது. நாலு பேர் கத்துறதைக் கேட்டு, யார் குரல் எவ்வளவு தாமதமா வந்துச்சுன்னு கணக்குப் போட்டா நம்ம இடம் கிடைக்கும். இடம் என்பது உபரி லாபம். மூலதனம் நேரம்தான்.

இந்த நேரத்தைப் பிடிச்சு வீட்டிலேயே ஒரு துல்லியமான 10 மெகாஹெர்ட்ஸ் செய்துகொள்ளும் கிறுக்கு ஒன்று உண்டு. அந்தக் கிறுக்கின் சரித்திரமும், அதைச் செய்யப் போனவர்களை ரிசீவர்கள் படுத்திய பாடும்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம். பொறுமை இல்லாதவங்க 2016-க்கு நேரா தாவிடலாம், கோவிச்சுக்க மாட்டேன் :-)

எதுக்கு இவ்வளவு துல்லியம் என்று கேட்பீங்க. ஹாம் ரேடியோக்காரர் ஒருத்தர் 10 கிகாஹெர்ட்ஸில் பேச நினைக்கிறார்னு வைங்க. அவர் பெட்டியில் இருக்கிற படிகம் பத்து லட்சத்தில் ஒரு பங்கு தப்பா இருந்தாலே அலைவரிசை 10 கிலோஹெர்ட்ஸ் தள்ளிப் போயிடும். எதிர்முனையில் இருப்பவருக்கும் அதே கதை. ரெண்டு பேரும் இருட்டில் கண்ணாமூச்சி ஆடவேண்டியதுதான். வீட்டில் அலைவெண் எண்ணும் மீட்டர் வைத்திருப்பவருக்கும் இதே தலைவலி. மீட்டர் ஒன்பது இலக்கம் காட்டும், அதில் எத்தனை நிஜம் என்று யார் சொல்வது?

1955-ல் இங்கிலாந்தின் தேசிய இயற்பியல் ஆய்வகத்தில் லூயி எஸ்ஸனும் ஜாக் பாரியும் முதல் உருப்படியான சீசியம் கடிகாரத்தைச் செய்தார்கள். 1967-ல் விநாடிக்கே புது இலக்கணம் எழுதி, சீசியத்தின் 9,19,26,31,770 அதிர்வுகள் ஒரு விநாடி என்று வைத்துவிட்டார்கள். சரி, ஆய்வகத்தில் இருக்கு. வீட்டுக்கு எப்படிக் கொண்டு வருவது? சிற்றலை வானொலியில் நேரம் ஒலிபரப்பினார்கள். அமெரிக்காவில் டபிள்யூ.டபிள்யூ.வி, நம்மூரில் டில்லியிலிருந்து ஏ.டி.ஏ. ஆனா சிற்றலை, அயனி மண்டலத்தில் முட்டி எதிரொலித்து வருவது. அந்த மண்டலம் மூச்சு விடுற மாதிரி ஏறி இறங்கும்போது, வந்து சேருகிற அலைவெண்ணும் ஆடும். பத்து மில்லியனில் ஒரு பங்குக்கு மேல அதை நம்ப முடியாது. எழுபதுகளில் அமெரிக்கர்கள் கலர் டி.வி.யின் 3.58 மெகாஹெர்ட்ஸ் துணை அலையைப் பிடித்து அளவு பார்த்தார்கள். பெரிய நிலையங்கள் அதை அணுக்கடிகாரத்திலிருந்து எடுத்துக்கொண்டிருந்த காலம். பிறகு உள்ளூர் நிலையங்கள் டிஜிட்டல் ஃப்ரேம் சிங்க்ரனைசர் மாட்டி அந்தத் தொடர்பை அறுத்துவிட்டன.

ஜி.பி.எஸ்ஸின் முதல் சாட்டிலைட் 1978 பிப்ரவரியில் போனது. ராணுவத்துக்காகச் செய்தது. 1983 செப்டம்பர் 1-ஆம் தேதி வழிதவறிப் போன கொரிய விமானத்தை சோவியத் சுட்டு வீழ்த்தியதும், பொதுமக்களுக்கும் இது கிடைக்கும் என்று ரீகன் அரசு அறிவித்தது. அறிவித்தார்களே தவிர, 1990-ல் அதில் ஒரு கலப்படமும் செய்தார்கள். செலக்டிவ் அவெய்லபிலிட்டி என்று பெயர். பொதுமக்களுக்கான சிக்னலில் இடம் சுமார் 100 மீட்டர் வரை தப்பாகத் தெரியும்படி செய்வது. எப்படிச் செய்தார்கள் என்பதுதான் நமக்கு முக்கியம்: சாட்டிலைட்டின் கடிகாரத்தை வேண்டுமென்றே ஆட்டினார்கள். உலகத்திலேயே நல்ல கடிகாரத்தை மேலே அனுப்பிவிட்டு, அதைக் குடிகாரன் மாதிரி தள்ளாட வைப்பது! பால்காரர் தண்ணி ஊத்துறதையாவது புரிஞ்சுக்கலாம்.

இந்தக் கலப்பட காலத்திலேதான் நம்ம கிறுக்கர்களின் வேலை ஆரம்பிக்கிறது. 1998 ஜூலை மாத க்யூ.எஸ்.டி இதழில் ப்ரூக்ஸ் ஷெரா என்ற ஹாம் ஒரு கட்டுரை எழுதினார். ஜி.பி.எஸ் ரிசீவர் ஒன்று, சூடாகவே வைத்திருக்கும் ஓவன் படிகம் ஒன்று, நடுவில் ஒரு சின்ன மைக்ரோகன்ட்ரோலர். வீட்டில் செய்யக்கூடிய அலைவெண் ஆதாரம்.

இதன் தத்துவம் நம்மூர் தேரோட்டம் பார்த்தவங்களுக்குச் சட்டுனு புரியும். தேர் பெரிய எடை. ஒரு நிமிஷத்துக்குள் அது பாட்டுக்கு நேராகத்தான் போகும், ஆனா தெருவே முழுசும் அப்படியே விட்டா எங்கேயாவது வீட்டுத் திண்ணையில் போய் ஏறிடும். அதனால கூடவே ஓடுகிறவர்கள் சக்கரத்துக்கு அடியில் முட்டுக்கட்டை போட்டு, துளித்துளியா திருப்பிக்கொண்டே வருவார்கள். ஓவன் படிகம்தான் தேர். ஒரு விநாடி, பத்து விநாடி அளவில் ரொம்ப சுத்தம். நாள் கணக்கில் மெல்ல விலகும், வயசாகுதில்லையா. ஜி.பி.எஸ் ரிசீவர் தரும் விநாடித் துடிப்போ இதற்கு நேர் எதிர். ஒவ்வொரு துடிப்பும் 50, 100 நானோ செகண்ட் இப்படியும் அப்படியும் குதிக்கும், ஆனா மாசக் கணக்கானாலும் மொத்தத்தில் விலகவே விலகாது. 100 நானோ செகண்ட் குதிப்பை ஒரு விநாடியில் பார்த்தா கோடியில் ஒரு பங்கு பிழை. ஒரு லட்சம் விநாடி, அதாவது ஒரு நாளும் கொஞ்சமும், காத்திருந்து பார்த்தா அதே குதிப்பு லட்சம் கோடியில் ஒரு பங்கு ஆயிடுது. ஆகவே கட்டையைப் பொறுமையாகப் போடணும். அவசரப்பட்டுத் துடிப்புக்குத் துடிப்பு திருத்தினா நல்ல தேரையும் கெடுத்த மாதிரி.

2000 மே 1-ஆம் தேதி நள்ளிரவோடு கிளிண்டன் அந்தக் கலப்படத்தை நிறுத்தினார். ஒரே ராத்திரியில் உலகத்தின் எல்லா ரிசீவரும் பல மடங்கு நல்லதாகிவிட்டது, யாரும் ஸ்க்ரூ டிரைவரைக் கூடத் தொடாமல். செல்போன் கோபுரங்களிலிருந்து கழற்றிய பழைய பெட்டிகளும் (ஹெச்.பி.யின் இசட்3801ஏ இதில் பிரபலம்) காயலான் கடைக்கு வர ஆரம்பித்தன. சி.டி.எம்.ஏ கோபுரங்கள் ஒன்றுக்கொன்று சில மைக்ரோ செகண்டுக்குள் ஒத்துப் போகணும், அதுக்காகச் செய்த தங்கமான பெட்டிகள் அவை. கலப்படம் போயிடுச்சு, சாமானும் கிடைக்குது, இனி என்ன கவலை என்று நினைத்தார்கள். ரிசீவரின் சொந்தக் குறைகள் தெரிய ஆரம்பித்ததே அதுக்கப்புறம்தான். குளத்துத் தண்ணி வடிஞ்சா கல்லு தெரியுற மாதிரி.

முதல் குறை ரம்பப்பல். ரிசீவருக்குள்ளே ஒரு சாதாரண படிகம் டிக் டிக் என்று ஓடும். விநாடி எப்போ பிறக்குதுன்னு ரிசீவர் நுணுக்கமா கணக்குப் போட்டு வெச்சிருக்கும், ஆனா துடிப்பை வெளியே விடுவது அந்த டிக்குகளில் ஏதாவது ஒன்றில்தான் முடியும். மோட்டோரோலா ஆன்கோர் யூ.டி ப்ளஸ்ஸில் ரெண்டு டிக்குக்கு நடுவே சுமார் 104 நானோ செகண்ட். எனவே துடிப்பு முன்னே பின்னே 52 வரை தள்ளி வரும். வரைபடம் போட்டா ரம்பப்பல் மாதிரி ஏறி ஏறி விழும். பரவாயில்லை, சராசரி எடுத்தா சமமாயிடும்னுதானே தோணும்? ஆகாது. உள்ளே இருக்கும் படிகம் சில நேரம் முழு எண்ணுக்கு மிக அருகில் வந்து நின்றுவிடும். அப்போ ரம்பம் ஓடாமல் ஒரே பக்கம் நிமிஷக் கணக்கில் தொங்கும். வரைபடத்தில் தொங்கு பாலம் மாதிரி தெரிவதால் "தொங்கு பாலங்கள்" என்றே பெயர். நாசா கோடார்டில் ரேடியோ வானியலுக்காக நேரத்தை அளந்துகொண்டிருந்த டாம் கிளார்க், இவரும் ஹாம்தான், "டோட்டலி அக்யூரேட் க்ளாக்" என்ற கருவியைச் செய்தவர், இந்த விவகாரத்தை விரிவாக எழுதி எல்லோருக்கும் புரியவைத்தவர்களில் ஒருவர். இதில் வேடிக்கை, பெட்டியைத் தெர்மோகோல் எல்லாம் சுத்தி பத்திரமா வெச்சா பாலம் இன்னும் நீளமாகும்! வெப்பம் மாறாததால் படிகமும் நகராமல் அங்கேயே நின்னுடும். மருந்து என்னவென்றால், நல்ல ரிசீவர்கள் "அடுத்த துடிப்பு இத்தனை நானோ செகண்ட் தள்ளி வரும்" என்று முன்கூட்டியே சீரியல் போர்ட்டில் சொல்லிவிடும். அதைப் படித்துக் கழித்துக்கணும். பொட்டி கட்டினவர்கள் பாதிப் பேர் துடிப்பு வரும் கம்பியை மட்டும் இணைத்துவிட்டு, அந்தப் பேச்சுக் கம்பியை அப்படியே விட்டுவிட்டார்கள்.

ரெண்டாவது வகைக் குறை ஆண்டெனாவைச் சுத்தி நடப்பது. இங்கே ஒரு அருமையான துப்பறியும் வித்தை இருக்கு. பொட்டியில் தினமும் ஒரு முறை ஏதோ ஆட்டம் தெரியுதுன்னு வைங்க. எத்தனை மணிக்கு என்று குறிச்சுக்கணும். தினமும் அதே மணி என்றால் குற்றவாளி சூரியன்: மொட்டை மாடி வெயில், ஏ.சி. போடுற நேரம், அல்லது அயனி மண்டலம். தினமும் நாலு நிமிஷம் முன்னாடி முன்னாடி வந்தா? குற்றவாளி சாட்டிலைட்டின் பாதையில் இருக்கு. ஜி.பி.எஸ் சாட்டிலைட்டுகள் வானத்தில் அதே இடத்துக்கு 23 மணி 56 நிமிஷத்தில் திரும்பி வருகின்றன. அந்தப் பாதையில் சுவரோ தகரமோ சிக்னலைப் பிரதிபலித்துக் கெடுத்தா, அந்தக் கெடுதலும் தினம் நாலு நிமிஷம் முந்தும்.

இந்த நாலு நிமிஷத்துக்கு ஒரு பூர்வ கதை உண்டு. 1930-களின் தொடக்கத்தில் நியூ ஜெர்சியின் ஹோம்டெலில், பெல் லேப்ஸின் கார்ல் ஜான்ஸ்கி சிற்றலை தொலைபேசியில் கேட்ட இரைச்சலுக்குக் காரணம் தேடிக்கொண்டிருந்தார். ஒரு இரைச்சல் தினமும் வருது, முதலில் சூரியன்னு நினைத்தார். மாசக்கணக்கில் குறித்துப் பார்த்தால் நாளுக்கு நாலு நிமிஷம் முந்திக்கொண்டே போகிறது. சூரியன் அப்படிச் செய்யாது, நட்சத்திரங்கள்தான் செய்யும். பால்வீதியின் நடுப்பக்கத்திலிருந்து வரும் ரேடியோ அலை அது என்று 1933-ல் எழுதினார். ரேடியோ வானியல் அங்கே பிறந்தது. அவர் கண்டுபிடிச்சது பால்வீதி. என்னைப் போன்றவர்கள் அதே வித்தையை வைத்துக் கண்டுபிடிப்பது பக்கத்து வீட்டு மாடியில் புதுசா முளைத்த தகர ஷெட்டு. ஒரு வருஷமா ஒழுங்காயிருந்த என் பொட்டி திடீர்னு சாயங்காலத்தில் ஆட ஆரம்பிச்சது. பத்து நாள் குறிச்சு வெச்சதில் ஆட்டம் நாற்பது நிமிஷம் முந்தியிருந்தது. ஆண்டெனா குழாயை நாலடி உயர்த்தினதும் சரியாப்போச்சு. ஷெட்டுக்காரரிடம் சொன்னேன், என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

அயனி மண்டலம்னு சொன்னேனே, அதில் நாம தமிழ்நாட்டுக்காரங்க கொஞ்சம் "கொடுத்து வெச்சவங்க". காந்த நடுக்கோடு நம்ம தென்கோடி வழியாகப் போகிறது. 1963-ல் தும்பாவில் ராக்கெட் தளம் வைத்ததே அந்தக் கோட்டுக்காகத்தான். திருநெல்வேலியில் புவிக்காந்த ஆய்வுக்கூடம் இருப்பதும் அதனால்தான். கோட்டை ஒட்டிய பகுதிகளில், சூரிய நடவடிக்கை உச்சத்தில் இருக்கும் வருஷங்களில், முக்கியமாக மார்ச்-ஏப்ரல், செப்டம்பர்-அக்டோபர் மாதங்களில், பொழுது சாய்ந்தபின் அயனி மண்டலத்தில் குமிழிகள் கிளம்பும். சாட்டிலைட் சிக்னல் நட்சத்திரம் மாதிரி மினுக்கும். விலை குறைந்த ரிசீவர் பாவம், சாட்டிலைட்டை விட்டு விட்டுப் பிடிக்கும். பகலிலும் சும்மா இல்லை. ஒற்றை அலைவரிசை ரிசீவர்கள் அயனி மண்டலத் தாமதத்தைக் க்ளோபுச்சார் என்பவர் எழுதிய எளிய சூத்திரத்தால் திருத்துகின்றன: ராத்திரிக்கு மாறாத 5 நானோ செகண்ட், மத்தியானம் ரெண்டு மணிக்கு உச்சம். தோராயமாகப் பாதிப் பிழையை எடுத்துவிடும். மீதிப் பாதி நம்ம தலையில். நடு அமெரிக்காவில் உட்கார்ந்து எழுதிய "இந்த ரிசீவர் இவ்வளவு துல்லியம்" என்ற விமர்சனத்தைப் படித்துவிட்டு நம்மூரில் அதே எண்ணை எதிர்பார்த்துத் தலையைப் பிய்த்துக்கொள்ள வேண்டாம். பொட்டி சரியாத்தான் இருக்கும்.

வாங்கின உடனே சாட்டிலைட்டே பிடிக்காத பழைய ரிசீவர்களுக்கும் ஒரு வார்த்தை. நேரத்துக்கான ரிசீவர், தான் இருக்கும் இடத்தை ஒரு முறை சராசரி எடுத்து மனசில் பதித்துக்கொள்ளும். பிறகு ஒரே ஒரு சாட்டிலைட் தெரிந்தாலும் நேரம் சொல்லும். ஆனா காயலான் கடைப் பெட்டி முன்னே இருந்த கோபுரத்தின் இடத்தை நினைவில் வைத்துக்கொண்டு, அமெரிக்க வானத்தில் தெரியும் சாட்டிலைட்டை நம்மூர் மாடியில் தேடிக்கொண்டிருக்கும். நினைவை அழித்துவிட்டு மறுபடி அளக்கச் சொல்லணும். பதித்த இடம் தப்பானா, 30 சென்டிமீட்டருக்கு ஒரு நானோ செகண்ட் வீதம் அபராதம். ஆண்டெனாவுக்குக் கேபிள் வழியாப் போகும் மின்சாரம் 5 வோல்ட்டா 3.3-ஆ என்பதையும் பார்த்துக்குங்க. கேபிள் நீளத்தைப் பற்றிக் கவலை வேணாம். மீட்டருக்கு 5 நானோ செகண்ட் தாமதம் வரும்தான், ஆனா அது மாறாத தாமதம், அலைவெண்ணைத் தொடாது.

இதெல்லாம் சில்லறை. பெரிய அடிகள் வந்தது எண்கணிதத்திலிருந்து.

ஜி.பி.எஸ் நாள்காட்டி 1980 ஜனவரி 6-ல் ஆரம்பிக்கிறது. வாரத்தை எண்ண 10 பிட் கொடுத்தார்கள். 1024 வாரம் ஆனதும் மறுபடி பூஜ்யம். 1999 ஆகஸ்ட் 21 நள்ளிரவு முதல் சுற்று முடிந்தது. எல்லாரும் ஒய்2கே பயத்தில் இருந்ததால் இதுக்குக் கிடைக்கவேண்டிய பயம் கிடைக்கவில்லை. ரிசீவர் செய்தவர்கள் ஒரு தந்திரம் செய்தார்கள்: மென்பொருள் எழுதிய தேதியை உள்ளே வைத்து, "அந்தத் தேதிக்கு முன்னாடி எதுவும் இருக்க முடியாது" என்று கணக்கிட வைத்தார்கள். அதனால் ஒவ்வொரு ரிசீவருக்கும் அதது பிறந்த தேதியிலிருந்து 1024 வாரம் ஆயுள். யாருக்கு எப்போ என்று வெளியே தெரியாது. ட்ரிம்பிளின் தண்டர்போல்ட், வீட்டுக் கிறுக்கர்களின் செல்லப்பிள்ளை, 2017 ஜூலை 30 காலையில் எழுந்து இன்று 1997 டிசம்பர் 14 என்றது. 2019 ஏப்ரல் 6-ல் ரெண்டாவது சுற்று முடிந்தபோது நியூயார்க் நகராட்சியின் கம்பியில்லா வலையமைப்பு பல நாள் படுத்துவிட்டது. தேதியில் மட்டும் எட்டு பிட் கதை இன்னொன்று: லீப் விநாடி எந்த வாரம் என்று சொல்ல 8 பிட்தான். 1998 கடைசியில் வந்த லீப் விநாடிக்குப் பிறகு ஏழு வருஷம் லீப் விநாடியே வராததால், 256 வாரம் கழித்து, 2003 நவம்பர் இறுதியில் ஆன்கோர் ரிசீவர்கள் ஒரு கணம் தேதியைக் குழப்பின.

நம்ம பத்து மெகாஹெர்ட்ஸுக்கு இதனால் ஒன்றும் இல்லை. தேதி இருபது வருஷம் பின்னே போனாலும் விநாடியின் நீளம் அதேதான். தண்டர்போல்ட் 1997-ல் வாழ்ந்துகொண்டே அப்பழுக்கில்லாத அலைவெண் தந்தது. 2016 அப்படி இல்லை.

2016 ஜனவரி 26. எஸ்.வி.என் 23 என்ற சாட்டிலைட்டை அன்று சேவையிலிருந்து எடுத்தார்கள். 1990 நவம்பரில் போன கிழவர். அவரை எடுத்த நேரத்தில் தரைநிலைய மென்பொருளில் ஒளிந்திருந்த பிழை ஒன்று விழித்துக்கொண்டது. ஜி.பி.எஸ் நேரத்துக்கும் உலகப் பொது நேரத்துக்கும் உள்ள சின்ன வித்தியாசத்தைச் சொல்லும் எண்ணில் சுமார் 13.7 மைக்ரோ செகண்ட் பிழையோடு பல சாட்டிலைட்டுகளுக்கு ஏற்றிவிட்டார்கள். ஏறக்குறைய பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் இது நீடித்தது. காரில் வழி கேட்டவர்களுக்கு ஒன்றுமே தெரியவில்லை, ஏனென்றால் இடக் கணக்குக்கு அந்த எண் தேவையில்லை. நேரத்துக்காக நம்பியிருந்தவர்கள்தான் மாட்டினார்கள். 13 மைக்ரோ செகண்டில் ஒளி 4 கிலோமீட்டர் போகும். டெலிகாம் கம்பெனிகளில் அலாரங்கள் அலறின, பிபிசியின் டிஜிட்டல் ரேடியோ சில பகுதிகளில் தடுமாறியது.

வீட்டுப் பொட்டியில் என்ன நடந்திருக்கும் என்று கணக்குப் போட்டுப் பாருங்க. விநாடித் துடிப்பு திடீர்னு 13.7 மைக்ரோ செகண்ட் தாவுது. பொட்டி என்ன நினைக்கும்? "ஐயையோ, என் படிகம் தப்பாப் போச்சு" என்று கட்டையைப் போட ஆரம்பிக்கும். ஆயிரம் விநாடியில் சரிசெய்யும்படி வைத்திருந்தால், அலைவெண் பத்து கோடியில் ஒன்றரைப் பங்கு அளவுக்கு விலகும், வழக்கமான பிழையைப் போல ஆயிரம் மடங்குக்கும் மேல். படிகம் ஒரு பாவமும் அறியாது. தேர் நேராத்தான் போயிட்டிருந்தது, தெருவையே யாரோ நகர்த்திட்டாங்க. இதில் தப்பித்தவர்கள் மூணு வகை. துடிப்பை ஜி.பி.எஸ் நேரத்திலேயே வாங்கும்படி ரிசீவரை அமைத்தவர்கள். அந்தத் தப்பு எண்ணோடு ஒட்டியிருந்த தேதி செல்லாத பழைய தேதி என்பதைக் கவனித்து அதைத் தள்ளிவிட்ட ரிசீவர் வைத்திருந்தவர்கள். "ஒரு மைக்ரோ செகண்டுக்கு மேல் தாவினால் வானத்தை நம்பாதே, சொந்தக் காலில் நில்" என்று பொட்டிக்குச் சொல்லி வைத்தவர்கள். அலைவெண் மட்டும் தேவைப்படுபவருக்கு உலகப் பொது நேரமே வேண்டாம் என்ற யோசனை எத்தனை பேருக்கு முன்னாடியே வந்திருக்கும்? பெரும்பாலான ரிசீவர்கள் பெட்டியிலிருந்து எடுத்ததும் உலகப் பொது நேரத்தில்தான் துடிக்கும்.

இதுக்கு ஒரு வருஷம் கழித்து, 2017 ஜனவரியில், நம்ம ஐ.ஆர்.என்.எஸ்.எஸ்-1ஏ சாட்டிலைட்டில் மூணு ருபிடியம் கடிகாரமும் செத்துவிட்ட செய்தி வெளியே வந்தது. வாங்கியது ஸ்விஸ் கடிகாரம். ஐரோப்பாவின் கலிலியோவிலும் அதே மாதம் கடிகாரங்கள் நின்ற செய்தி. மாற்றாக அனுப்பிய 1ஹெச், 2017 ஆகஸ்ட் 31-ல் வெப்பக் கவசம் திறக்காமல் உள்ளேயே சிக்கிக்கொண்டது. 2018 ஏப்ரலில் 1ஐ போய்ச் சேர்ந்தது. உள்நாட்டில் செய்த ருபிடியம் கடிகாரம் மேலே போனது 2023 மே 29-ல், என்.வி.எஸ்-01 சாட்டிலைட்டில். அடுத்தவன் கடிகாரத்தைப் பார்த்து மணி சொல்லும் வேலையில் என்ன ஆபத்து என்று 2016-ல் தெரிந்துகொண்ட எவருக்கும் இந்தச் செய்தி சும்மா ராக்கெட் செய்தியாகத் தெரியாது.

மூன்றாவது வாரச் சுற்று 2038 நவம்பர் 20-ல் முடிகிறது. புது சிக்னல்களில் வாரத்துக்கு 13 பிட் கொடுத்திருக்கிறார்கள், நூற்றைம்பது வருஷத்துக்குத் தாங்கும். நம்ம காயலான் கடை ரிசீவர்களுக்கு அந்தப் பாஷை புரியாது. உங்க கையில் பழைய ஆன்கோரோ, ஜூபிடரோ, தண்டர்போல்ட்டோ இருந்தா இன்னிக்கு என்ன தேதி காட்டுதுன்னு ஒரு தடவை பார்த்துப் பின்னூட்டத்தில் எழுதுங்க. துடிப்பு ஜி.பி.எஸ் நேரமா, உலகப் பொது நேரமா என்பதையும் சேர்த்து.